பலமான நெக், நேரான நெக்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் என்னிடம் வரும் கிட்டார்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே புகார்தான். ஆக்‌ஷன் (தந்திக்கும் கீழே இருக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளி) ஏறிவிட்டது, அழுத்தினால் விரல் வலிக்கிறது, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு (பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேலே போனால் சுருதி சேரவில்லை. ராயபுரம், காசிமேடு பக்கத்துத் தேவாலயப் பாடகர் குழுக்களின் கிட்டார்கள், பெரம்பூரில் மாலை நேர வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் கிட்டார்கள், வியாசர்பாடியில் கானாவுக்கு வாசிக்கும் பையன்களின் கிட்டார்கள் எல்லாம் இந்த மாதங்களில்தான் வரும். கிட்டாரை நீட்டும்போதே வைத்தியத்தையும் சொல்லிவிடுவார்கள்: “ராட் இருக்குல்லண்ணா, லேசா டைட் வச்சா போதும்.” இந்த வாக்கியம் ரொம்ப நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. தந்திகள் ஓடும் கழுத்தான நெக்குக்குள் அதைத் திருகிச் சரிசெய்யும் இரும்புக் கம்பி, அந்த ராட், இருப்பது உண்மை. பல சமயம் லேசாகத் திருகினால் போதும் என்பதும் உண்மைதான். ஆனால் வாங்குகிறவர்கள் மட்டுமல்ல, செய்கிறவர்களும் இதையே நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளேதான் இரும்பு இருக்கிறதே என்ற தைரியத்தில் மரத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் நெக் செய்கிறார்கள். பலமான நெக் ஒன்று, நேராக நிற்கும் நெக் இன்னொன்று. முதலாவதைச் செய்வது சுலபம். இரண்டாவதுக்கு மரத்தைத் தெரிந்திருக்க வேண்டும்.

நெக் மேல் விழும் பாரத்தை எண்ணிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண 12 செட் (மிக மெல்லிய தந்தி 0.012 அங்குலம்) ஸ்டீல் தந்தி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 75 கிலோ இழுக்கின்றன. 10 செட் போட்ட எலக்ட்ரிக்கில் 45 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. நைலான் தந்தி என்றால் 40 கிலோ அளவு. வளர்ந்த ஆள் ஒருவர் தந்தியை முறுக்கும் தலைமாட்டைப் பிடித்து இரவும் பகலும் இழுத்துக்கொண்டே நிற்பதைப் போன்ற பாரம் இது. அதைத் தாங்கும் மரமோ, தலைமாட்டை ஒட்டித் தந்திகள் படியும் நட் பக்கத்தில் 20, 21 மி.மீ. கனம்தான், ஃப்ரெட்டுகள் பதித்த பலகையான ஃப்ரெட்போர்டையும் சேர்த்து. இவ்வளவு இழுப்பிலும் ஏழாவது ஃப்ரெட் அருகே 0.2 அல்லது 0.3 மி.மீ. பள்ளம் மட்டும் இருக்க வேண்டும். அதிர்கிற தந்திக்கு அந்த அளவு இடம் தேவை. 0.6க்குப் போனால் வாசிக்கிறவருக்குக் கை உடனே சொல்லிவிடும். பூஜ்யத்துக்கு வந்தால் கீழ் ஃப்ரெட்டுகளில் தந்தி உரசும்.

ராட் செய்வதும் செய்யாததும்

திருகிச் சரிசெய்யும் ட்ரஸ் ராடை கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹியூ 1920களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார். அது பெரிய உபகாரம், சந்தேகமே இல்லை. ஆனால் அதே காலத்தில் மார்ட்டின் நிறுவனம் என்ன செய்தது என்று பாருங்கள். நெக்குக்குள் கருங்காலிப் பட்டையை வைத்து ஒட்டியது. 1934 முதல் ‘டி’ வடிவ இரும்புச் சட்டம் வைத்தது. இரண்டாம் உலகப் போரில் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்ததும் திரும்பவும் கருங்காலிக்கே போனது. 1967 முதல் சதுர இரும்புக் குழாய். திருகக்கூடிய ராடுக்கு அவர்கள் மாறியது 1985-ல்தான். அதுவரை அவர்கள் செய்த ஸ்டீல் தந்தி அக்கூஸ்டிக் கிட்டார்களை ஆலன் கீ போட்டுத் திருகிச் சரிசெய்ய முடியாது. அவற்றில் எத்தனையோ இன்றைக்கும் வாசிப்பில் இருக்கின்றன. கிளாசிக்கல் கிட்டார்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் ராட் கிடையாது. நல்ல மரத்தைப் பொறுக்கி எடுத்து, காயவைத்து, ஒழுங்காக அறுத்தால் நெக் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ராட் வேலை செய்வது ஒரே தளத்தில். நெக் தந்தியின் பக்கம் வளைந்தால் பின்னுக்கு இழுக்கும். இரட்டைச் செயல் ராட் என்றால் பின்னால் வளைந்ததை முன்னுக்கும் தள்ளும். அவ்வளவுதான். பேஸ் தந்திப் பக்கம் ஒரு மாதிரியும் ட்ரெபிள் தந்திப் பக்கம் வேறு மாதிரியுமாக நெக் முறுக்கிக்கொண்டால் ராடால் ஒன்றும் ஆகாது. உடலோடு நெக் சேருமிடத்தில், பதினான்காவது ஃப்ரெட் தாண்டி மேடு எழுந்தாலும் ஆகாது. இந்த இரண்டோடு வரும் கிட்டார்களைத் திருகித் திருகி ராடின் மரையைக் கெடுத்து, கடைசியில் என்னிடம் கொண்டுவருவார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் ஆக்‌ஷன் ஏறினால் நெக்தான் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. அக்கூஸ்டிக் கிட்டாரின் மேல் பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பும், அதோடு தந்திகளைப் பலகைமேல் தாங்கும் பிரிட்ஜும் மேலே வரும். நெக் நேராகவே இருக்கும், ஆக்‌ஷன் மட்டும் ஏறியிருக்கும். முதலில் நேர்ச்சட்டம் ஒன்றை ஃப்ரெட்டுகள் மேல் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம்தான் ராடில் கை வைக்க வேண்டும்.

பழைய வண்ணாரப்பேட்டைத் தேக்கு

என் மனதில் இருந்த இந்தக் கருத்துக்கு உருவம் கொடுத்தது தேக்குச் சட்டம் இரண்டு. கிட்டார் செய்யக் கற்றுக்கொள்ள என்னிடம் வந்துகொண்டிருந்த கல்லூரிப் பையன் ஒருவன். பழைய வண்ணாரப்பேட்டையில் அவனுடைய பாட்டி வீட்டை இடித்தார்கள். மெட்ராஸ் டெரஸ் வீடு. தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, மேலே மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய கூரை. வடசென்னையில் இந்த மாதிரி வீடு இடிபடும்போதெல்லாம் பழைய மர வியாபாரிகள் வாசலில் நிற்பார்கள். பாட்டியிடம் கெஞ்சி அவன் இரண்டு சட்டங்களைக் காப்பாற்றிக்கொண்டு வந்துவிட்டான். பர்மா தேக்கு என்று பாட்டி சொல்லியிருக்கிறார். பாட்டி பிறந்து வளர்ந்த கூரையின் மரத்திலேயே நெக் செய்ய வேண்டும் என்பது அவன் ஆசை. எனக்கும் பிடித்திருந்தது.

ஒரு சட்டம் பார்க்கவே அழகு. ஓரத்தைக் கொஞ்சம் இழைத்ததும் தேன் நிறத்தில் கருங்கோடுகள், ஸ்கேல் வைத்து வரைந்ததைப்போல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடின. இன்னொன்று வெளுத்த, சோம்பலான மரம். கோடே சரியாகத் தெரியவில்லை. பையன் கை முதல் சட்டத்தை விட்டு நகரவில்லை. காசிமேட்டில் படகு வேலை செய்த பெரிய மேஸ்திரி ஒருவரை எனக்குப் பல வருஷப் பழக்கம். மரப்படகு குறைந்து ஃபைபர் படகு வந்த பிறகு பழுது வேலை மட்டும் பார்க்கிறார். ஆணி எடுத்து, பெரிய ரம்பத்தில் அறுத்துத் தருவார் என்று அவரிடம் எடுத்துப்போனோம்.

அவர் கோடுகளைப் பார்க்கவே இல்லை. இரண்டு சட்டத்தின் முனையிலிருந்தும் சாண் நீளத்துக்கு ஒவ்வொரு துண்டு வெட்டினார். முதல் துண்டை நிற்கவைத்து, மேல் முகத்தின் நடுவில் அகல உளியை வைத்துக் கொட்டாப்புளியால் ஒரே அடி. மரம் பிளந்தது. நடுவில் தொடங்கிய பிளவு அடிக்கு வரும்போது ஒரு பக்க விளிம்பை நெருங்கிவிட்டது. மேல் பக்கத்துக் கோடுகள் ஓரத்துக்கு நேராகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே நார் வேறு பக்கம் போயிருந்தது. பிளந்த முகத்தை என் கையில் கொடுத்தார். அது தட்டையாகக்கூட இல்லை. ஒரு மூலை உயர்ந்து, எதிர் மூலை தாழ்ந்து, முழு முகமும் லேசாகத் திருகியிருந்தது.

“மேல தெரியிற கோட்ட பாக்காத நைனா. நாரு எங்க போவுதுன்னு பாரு,” என்றார் மேஸ்திரி.

“நூறு வருஷம் கூரையில இருந்த மரம் தாத்தா. இன்னும் நேராகலையா?” என்று கேட்டான் பையன்.

“மரம் நிக்கும்போதே முறுக்கிக்கினு வளந்துருக்கு. அது சாவுற வரைக்கும் அப்படித்தான். கூரைக்கு அது போதும். மேல செங்கல்லும் சுண்ணாம்பும் புடிச்சிக்கினு இருந்துச்சு. உன் கிட்டார்ல யாரு புடிப்பா?”

இரண்டாவது துண்டை அடித்தார். இரண்டாகப் பிரிந்து, இரு முகமும் இழைப்புளி போட்டது மாதிரி தட்டையாக வந்தன. சோம்பலாகத் தெரிந்த அந்த மரம்தான் நேர்மரம்.

அந்தத் திருகிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். என்னிடம் வந்த முறுக்கு நெக்குகள் எல்லாவற்றின் உள்ளும் இதே முகம்தான் இருந்திருக்கும். கடையில் நெக் மரம் வாங்கும்போது நாம் பார்ப்பது ஆண்டுவளையங்கள் போடும் கோட்டை. அவை மரத்தின் வளர்ச்சியைக் காட்டுமே தவிர, நார் சுழன்று ஏறியிருக்கிறதா என்பதைக் காட்டா. மரம் ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. அசைவெல்லாம் குறுக்கில்தான். நார் நெக்கின் நீளத்தோடு நேராக ஓடினால் அந்தக் குறுக்கு அசைவு அகலத்திலும் கனத்திலும் ஒரு மயிரளவு கூடிக் குறைவதோடு முடிந்துவிடும். நார் சாய்ந்து ஓடினால் அதே அசைவின் ஒரு பங்கு நீளத்துக்குள்ளும் வந்துவிடுகிறது. ஒரு பக்கத்தில் ஒரு மாதிரி, இன்னொரு பக்கத்தில் வேறு மாதிரி. நெக் திருகுகிறது. உள்ளே எவ்வளவு தடித்த இரும்பு வைத்தாலும் இதன் காரணம் மாறாது. கார்பன் ஃபைபர் பட்டை வைத்தால் விறைப்பு கூடும், ஈரமும் அதை ஒன்றும் செய்யாது. நல்ல மரத்தோடு சேர்த்தால் அருமையான துணை. சாய்ந்த நாரை நேராக்கும் சக்தி அதற்கும் கிடையாது.

கடல் பக்கத்து ஈரம்

நம் ஊரில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், கிட்டார் தொழிற்சாலைகள் காற்றின் ஈரப்பதத்தை 45, 50 சதவீதத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கின்றன. அந்தக் காற்றில் மரத்துக்குள் 8, 9 சதவீத ஈரம் இருக்கும். ராயபுரத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டில், 75 சதவீதக் காற்றில், அதே மரம் 14 சதவீதத்துக்குப் போகும். இரவு ஏசி போட்டுத் தூங்கும் அறையில் கிட்டார் சுவரில் தொங்கினால் மறுபடி காய ஆரம்பிக்கும். காலையில் ஜன்னல் திறந்ததும் திரும்ப ஏறும். வருஷம் முழுக்க இந்த ஏற்ற இறக்கம் ஓயாது. அதனால்தான் ‘இரும்பு மாதிரி மரம்ணா’ என்று யாராவது கனமான துண்டைத் தூக்கிக்கொண்டு வரும்போது நான் தயங்குகிறேன். கடினம் வேறு, அசையாமல் இருப்பது வேறு. பச்சையிலிருந்து முற்றாகக் காயும்வரை கடின மேப்பிள் வளையத்தின் திசையில் 10 சதவீதத்துக்குச் சற்றே குறைவாகச் சுருங்கும். தேக்கு 6 சதவீதத்தைத் தொடாது. மேப்பிளில் அற்புதமான நெக்குகள் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நன்றாகக் காயவைத்து, அறுக்கும் திசை பார்த்து அறுத்துத்தான் செய்கிறார்கள். அந்தப் பொறுமை இல்லாமல் வெறும் கடினத்தை மட்டும் நம்பினால் மழைக்காலம் காட்டிக்கொடுத்துவிடும்.

வளையத்தின் திசையில் மரம் அசைவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் அசைவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் வளையக் கோடுகள் ஃப்ரெட்போர்டுக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்தால் நெக்கின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். பையனின் நேர்மரச் சட்டத்தை அப்படியேதான் மூன்று பட்டிகளாக அறுத்தோம். அறுத்த அன்றே ஒட்ட அவன் துடித்தான். மேஸ்திரி விடவில்லை. எத்தனை பழைய மரமானாலும் அறுத்ததும் உள்ளிருக்கும் இறுக்கம் தளர்ந்து கொஞ்சம் அசையும். அந்த அசைவு முடிந்த பிறகு இழைக்க வேண்டும், திரும்ப வைக்க வேண்டும், திரும்பப் பார்க்க வேண்டும். பரணில் நடுவே குச்சி கொடுத்து, காற்றுப் போகும்படி அடுக்கி வைத்தோம். ஒரு மழைக்காலம் அவை அங்கேயே கிடந்தன. எடுத்துப் பார்த்தபோது ஒன்று லேசாக வில் போட்டிருந்தது, மற்ற இரண்டும் அசையவில்லை. வில் போட்டதை நடுவில் வைத்து, தலைகால் மாற்றி, ஒவ்வொன்றின் இயல்பும் அடுத்ததற்கு எதிராக இருக்கும்படி ஒட்டினோம். தேக்கில் எண்ணெய் உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் போட்டுத் துடைக்காவிட்டால் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை நான் இங்கே தவிர்க்கிறேன். அதில் தண்ணீர் இருக்கிறது. ஃப்ரெட்போர்டு ஒட்டும்போது அந்தத் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் குடித்துப் பலகை வளையும். தொடர்ந்து இழுப்பு இருக்கும் இடத்தில், அதுவும் வெயிலில் நிற்கும் வண்டிச் சூட்டில், அது மெல்ல மெல்ல வழுக்கியும் கொடுக்கும். எபாக்ஸிதான் போட்டோம்.

கனத்தைப் பற்றிப் பையனோடு கொஞ்சம் சண்டை. வேகமாக வாசிக்க வேண்டும், 18 மி.மீ. போதும் என்றான். நெக்கின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 20 மி.மீ. இருப்பதை 21 ஆக்கினால் சுமார் 15 சதவீதம் விறைப்பு கூடும். 18-க்கும் 21-க்கும் இடையே 60 சதவீதம் வரை வித்தியாசம். ஒரு மி.மீட்டரில் கிடைக்கும் இந்தப் பலத்தை எந்த ராடாலும் ஈடுகட்ட முடியாது, காசும் செலவில்லை. 20.5-இல் சமாதானம் ஆனோம். தலைமாட்டை நெக்கோடு சேர்த்து ஒரே கட்டையில் குடையாமல் தனியாக அறுத்துச் சாய்வில் ஒட்டினோம். ஒரே கட்டையில் குடைந்தால் சாயும் தலைமாட்டில் நார் குட்டையாகிவிடும். கீழே விழுந்தால் நட்டுக்குப் பின்னால் முறிவது அங்கேதான்.

ஃப்ரெட் அடிக்கும் வேலை பார்க்கும்போதெல்லாம் எனக்கு வீணைக்காரர்கள் மேல் பொறாமை வரும். தஞ்சாவூர் வீணையின் தண்டி பலாமரம். அதன் 24 மெட்டுகளும் மெழுகில் உட்காருகின்றன. மரம் கொஞ்சம் அசைந்தாலும் மெழுகைத் திரும்ப இளக்கி, காதால் கேட்டு, மேளம் புதிதாகக் கட்டிவிடலாம், அதாவது மெட்டுகளைச் சுருதிக்கு ஏற்ப மறுபடி பதித்துவிடலாம். கிட்டாரில் ஃப்ரெட் மரத்துக்குள் ஆப்பு மாதிரி இறங்குகிறது. அது இறங்கும் பள்ளமான காடியைவிட ஃப்ரெட்டின் அடிக்கால் கொஞ்சம் தடித்திருந்தால்கூட, இருபது ஆப்புகளும் சேர்ந்து ஃப்ரெட்போர்டை நீட்டி நெக்கையே பின்னால் வளைத்துவிடும். தளர்வாக இருந்தால் தந்தி இழுப்புக்கு நெக் கூடுதலாகக் குனியும். ஆகவே காடி அறுக்கும் ரம்பமும் ஃப்ரெட் கம்பியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று ஒரு துண்டு மரத்தில் அடித்துப் பார்த்த பிறகே நெக்கில் அடித்தோம்.

பையன் அந்தக் கிட்டாரை இப்போது வியாசர்பாடி மேடைகளில் வாசிக்கிறான். திறந்த வெளி, பனி, புகை, சில நாள் தூறல். கார்த்திகையில் சரிபார்க்கக் கொண்டுவந்தான். இரண்டு நேர்ச்சட்டங்களை நட் பக்கமும் உடல் பக்கமும் குறுக்காக வைத்து, ஒன்றின் விளிம்போடு மற்றொன்றின் விளிம்பைச் சேர்த்துப் பார்த்தேன். முறுக்கு இல்லை. ஏழாவது ஃப்ரெட்டில் பள்ளம் கோடையில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. ராடைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினேன், பழைய அளவுக்கு வந்துவிட்டது.

மேஸ்திரிக்கு இன்னும் ஒரு குறை உண்டு. இவ்வளவு பார்த்துச் செய்த நெக்குக்கு எதற்கு ராட், குழி தோண்டி மரத்தை ஏன் பலவீனப்படுத்துகிறாய் என்று கேட்கிறார். குழி தோண்டுவதால் மரம் இழப்பு என்பது சரிதான். ஆனாலும் ஸ்டீல் தந்தி கிட்டாருக்கு இந்த ஊரில் நான் ராட் போடத்தான் செய்வேன். கோடைக்கும் மழைக்கும் நடுவே வரும் அந்தக் கால் சுற்றைத் திருப்ப ஏதாவது வேண்டும். நைலான் தந்தி கிட்டாருக்கு மட்டும் அவர் சொல்வதைக் கேட்கலாம் என்று தோன்றுகிறது. சோம்பல் தேக்கில் இன்னும் ஒரு நெக்குக்கு மரம் மிச்சமிருக்கிறது. நடுவில் கருங்காலிப் பட்டை மட்டும் வைத்து, ராட் இல்லாமல், அதில் ஒரு கிளாசிக்கல் கிட்டார் செய்ய பாட்டியிடம் அனுமதி வாங்கியாயிற்று. பட்டிகள் பரணில் ஏறிவிட்டன. இந்த மழை முடிந்ததும் இறக்கிப் பார்க்க வேண்டும்.